தோல் கலர் எது?

பிள்ளைகளிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து "உனக்குப் பிடிச்சதை வரை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை மரம். விழுப்புரம் மாவட்டத்தில் நாங்கள் மாலைநேரப் படிப்பகம் நடத்தும் காலனியில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. ஓட்டு வீடு ஊர்த்தெருவில்தான் இருக்கிறது. ஆனாலும் முதல் வாரம் எங்களுக்கு வந்த தாள்களில் முக்கால்வாசி இந்தப் படம்தான்.

இதைக் கற்பனை வறட்சி என்கிறவர்கள் உண்டு. 'அந்தப் பிள்ளைங்களுக்கு எக்ஸ்போஷர் பத்தாதுங்க' என்று பயிற்சி முகாம்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இதே பிள்ளைகள் வீடு திரும்பும் வழியில் புளியமரத்துப் பேய் கதையை நாலு விதமாகச் சொல்வார்கள், நாலிலும் பேய் வேறு வேறு ஆளாக இருக்கும். தாளுக்கு முன்னால்தான் கை நின்றுவிடுகிறது. தாளில் எது வரலாம், எது வரக்கூடாது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடம் எந்த வீட்டின் பண்பாட்டைத் தன்னுடையதாக வைத்திருக்கிறதோ, அந்த வீட்டுப் பிள்ளைதான் அங்கே திறமைசாலியாகத் தெரியும் என்று சமூகவியல் வகுப்பில் பூர்தியுவை வைத்துப் படித்தோம். அவரைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, கிரையான் டப்பாவைத் திறந்து பாருங்கள். வெளிறிய ரோஸ் நிறக் குச்சிக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் 'தோல் கலர்'. டப்பாவில் இருக்கும் பழுப்புக் குச்சி மரத்துக்கு.

படக்கதைப் புத்தகங்களை நாங்கள் கையில் எடுத்தது இதற்காகத்தான். வாசிப்புப் பயிற்சிக்கு அவை உதவும், அதை மறுக்கவில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது வேறு. எழுத்தை ஒரு அட்டையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டுவோம். "இங்க என்னப்பா நடக்குது?" எழுதப்படிக்கத் திணறும் பிள்ளைக்கும் இங்கே பதில் இருக்கும். யார் சொன்னதும் தப்பில்லை என்று அவர்கள் நம்புவதற்கு மூன்று வாரம் பிடித்தது. அதுவரை ஒவ்வொருவரும் பேசிவிட்டு எங்கள் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

பிறகு 'பீமாயணா'வைக் கொண்டுபோனோம். 2011இல் நவயானா வெளியிட்ட அம்பேத்கர் வாழ்க்கைக் கதை. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள். காமிக்ஸ் புத்தகங்களில் வழக்கமாக இருக்கும் கட்டங்களுக்குள் மனிதர்களை அடைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு வரைந்தார்கள். அதில் பேச்சுக் குமிழிகளைக் கவனியுங்கள். கனிவாகப் பேசுகிறவர்களின் சொல் பறவை வடிவத்தில் இருக்கும், சாதி விஷம் பேசுகிறவர்களின் குமிழிக்குத் தேள்கொடுக்கு இருக்கும். இதை நாங்கள் சொல்லித் தரவில்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தானே கண்டுபிடித்து, "அக்கா, இந்த ஆளு பேசினா கொட்டும்" என்றான்.

அடுத்த வாரத்திலிருந்து தேள் எங்கள் பிள்ளைகளின் தாள்களில் ஊரத் தொடங்கியது. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் வகுப்பறையை வரைந்திருந்தாள். கடைசி வரிசையில் ஐந்து பிள்ளைகள், முன்னால் மேசை, மேசையிலிருந்து ஒரு தேள்குமிழி. அதற்குள் எழுத்து எதுவும் இல்லை. "என்ன சொல்றாங்க?" என்று கேட்டோம். "காலனி பசங்கல்லாம் பின்னாடி போங்க" என்றாள். அவள் அம்மாவுக்கே அதுவரை தெரியாது. ஒரு வருடமாக அவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பெற்றோர் ஏழு பேரோடு தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தோம். உயரம் பார்த்து உட்கார வைத்ததாக முதலில் பதில் வந்தது. அந்த ஐவரில் இரண்டு பேர் வகுப்பிலேயே குட்டை. இப்போது வாரம் ஒருமுறை வரிசை மாறுகிறது.

இதைப் படித்துவிட்டு, பிள்ளைகளிடம் 'உன் வலியை வரை' என்று கேட்கக் கிளம்பிவிடாதீர்கள் தோழர்களே. அது இன்னொரு கரும்பலகைதான். சேரிப் பிள்ளை என்றால் சாட்சி சொல்ல வேண்டும், மற்ற பிள்ளைகள் மட்டும் பறக்கும் யானை வரையலாம் என்றால் அதுவும் ஒரு கடைசி வரிசைதான். அந்தச் சிறுமியே அதற்கடுத்த நாள் வரைந்தது ஜேசிபி ஓட்டும் பன்றி. பன்றிக்குக் கூலிங் கிளாஸ். அது எதைக் குறிக்கிறது என்று எங்கள் குழுவில் இருவர் ஆராயத் தொடங்கினார்கள், அவர்களை டீ வாங்கிவர அனுப்பிவிட்டோம்.

செலவைப் பற்றியும் கேட்பீர்கள். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். தூலிகா, தாரா புத்தகங்களை நண்பர்களிடம் பிறந்தநாள் பரிசாகக் கேட்டு வாங்குகிறோம். பிள்ளைகள் செய்யும் புத்தகத்துக்கு நான்கு ஏ4 தாள், கோணி ஊசி, நூல் போதும். மடித்து நடுவில் தைத்தால் பதினாறு பக்கம். தோல் நிறத்துக்குப் பழுப்பையும் கறுப்பையும் ஆரஞ்சையும் கலந்து ஆளாளுக்கு ஒன்று செய்கிறார்கள், கையை தாள் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

இதுவரை இரண்டு புத்தகங்கள் தைத்து முடித்திருக்கிறார்கள். மூன்றாவதன் அட்டையில் பன்றியா, புளியமரத்துப் பேயா என்று இரண்டு வாரமாகச் சண்டை நடக்கிறது.