மகஜரில் வராத முத்திரைகள்

‘பழைய ரைஃபிள் ஒன்று, நம்பர் இன்னது.’ அரக்கு முத்திரையோடு ஆய்வுக்கூடத்துக்கு வரும் பார்சலைப் பிரித்தால், கூட வந்த மகஜர் நகலில் பெரும்பாலும் இவ்வளவுதான் எழுதியிருக்கும். அண்மையில் தயாரான துப்பாக்கி என்றால் இதுவே போதும். தொழிற்சாலை, கடை, லைசென்ஸ்தாரர் என்று வரிசையாக விசாரித்துவிடலாம். எண்பது, நூறு வருஷம் பல கைகளில் புழங்கிய ரைஃபிள் அப்படியல்ல. நம்பரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் சம்பந்தமில்லாத ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்போம். பாலிஸ்டிக்ஸ் வேலைக்கு வரும் இளையவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நம் நாட்டில் பழைய ரைஃபிள் என்றாலே ‘த்ரீ நாட் த்ரீ’, அதாவது லீ-என்ஃபீல்டு. 1907-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட மார்க் 3 மாடலை இங்கிலாந்தின் என்ஃபீல்டு, பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ., ஆஸ்திரேலியாவின் லித்கோ, வங்காளத்தின் இச்சாப்பூர் எனப் பல தொழிற்சாலைகள் தயாரித்தன. அவை தத்தம் போக்கில் நம்பர் போட்டதால், ஒரே எண் ஒன்றுக்கு மேற்பட்ட ரைஃபிள்களில் இருக்கக்கூடும். எனவே, மரக்கட்டை வந்து சேரும் இரும்புக் கழுத்தின் வலப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கிரீடம், அரசரின் முதலெழுத்துகள், தொழிற்சாலையின் பெயர், ஆண்டு, மாடல் எல்லாம் அங்கே பொறித்திருக்கும். நம்பரையும் அதன் முன்னெழுத்தையும் இவற்றோடு சேர்த்துப் படித்தால்தான் அது ஒரு துப்பாக்கியின் அடையாளம் ஆகும்.

அந்த முத்திரைகளுக்குள்ளேயே பொய்யும் மாட்டிக்கொள்ளும். பெஷாவர் பக்கம் தர்ரா ஆதம் கேலில் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக பிரிட்டிஷ் ரைஃபிள்களைப் பார்த்து நகல் செய்திருக்கிறார்கள். விக்டோரியா அரசி 1901-ல் மறைந்தார். அவருடைய முதலெழுத்துகளுக்குக் கீழே அதற்குப் பல வருஷம் பிந்தைய ஆண்டு இருந்தால் அது என்ஃபீல்டிலிருந்து வந்ததில்லை. சில நகல்களில் ஆங்கில எழுத்தே தலைகீழாகத் திரும்பியிருக்கும். அப்படிப்பட்ட துப்பாக்கியின் நம்பரை எந்தத் தொழிற்சாலைக்கு எழுதிக் கேட்டும் பயனில்லை.

அடுத்து, நம்பர் ஓரிடத்தில் மட்டும் இருக்காது. லீ-என்ஃபீல்டில் ரிசீவர், பேரல், போல்ட், முனைக்கவசம் ஆகியவற்றில் ஒரே எண் பொறிப்பது வழக்கம். ராணுவத்திலும் காவல் துறையிலும் இருந்த ஆர்மரர்கள் தேய்ந்ததைக் கழற்றி வேறொன்றிலிருந்து எடுத்து மாட்டியிருப்பார்கள். அதனால் எண்கள் பொருந்தாமல் போவது சகஜம். அதற்காக அதைக் கவனிக்காமல் விடக்கூடாது. சம்பவ இடத்தில் கிடைத்த காலித் தோட்டாவின் பின்புறம் இருக்கும் ஊசித் தடத்தைப் பதித்தது போல்ட்டுக்குள் இருக்கும் ஊசி. உடலிலிருந்து எடுத்த குண்டின் மேல் கோடுகளைப் பதித்தது பேரல். போல்ட் ஒரு ரைஃபிளுடையது, பேரல் இன்னொன்றுடையது என்றால், இரண்டு தடயங்களுக்கும் தனித்தனி வரலாறு இருக்கிறது. குற்றத்துக்குப் பிறகு போல்ட்டை மாற்றியிருந்தால் குண்டு ஒத்துப்போகும், காலித் தோட்டா ஒத்துப்போகாது. எண்களைப் பாகம் பாகமாகக் குறித்து வைத்தவருக்குத்தான் அந்த முரண்பாட்டின் காரணம் விளங்கும்.

பார்வைக்கு ஒன்றாக இருப்பவை உள்ளே வேறாக இருக்கும். காவல் துறையில் புழங்கிய .410 மஸ்கட்டை எட்ட நின்று பார்த்தால் அது த்ரீ நாட் த்ரீயேதான். இச்சாப்பூரில் அதே ரைஃபிளின் குழலை வழவழப்பாக்கி, ஒவ்வொன்றாக நிரப்பிச் சுடும்படி மாற்றினார்கள். ராணுவ அளவான .303 பொதுமக்களுக்குத் தடை என்பதால் வேட்டைக்காரர்களுக்காக .315 ரைஃபிள் வந்தது. அதன் இயக்க அமைப்பும் லீ-என்ஃபீல்டுதான். குழலுக்குள் விளக்கைப் பிடித்துப் பள்ளங்களை எண்ணாமல், அவை எந்தப் பக்கம் சுழல்கின்றன என்று பாராமல், வாயளவை அளக்காமல் எந்தப் பெயரையும் எழுதக்கூடாது. ராணுவ த்ரீ நாட் த்ரீயின் குழலில் வழக்கமாக ஐந்து பள்ளங்கள் இடப்பக்கமாகச் சுழலும். ஜெர்மானிய மவுசர் 98-ல் நான்கு, வலப்பக்கமாக.

இப்படிப் பாராமலே பெயர் எழுதும் அவசரத்துக்கு உலகம் கொடுத்த விலையை 1963 நவம்பர் 22 சொல்லும். டல்லஸில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்ட பிறகு, பாடநூல் கிடங்கின் ஆறாவது மாடியில் ஒரு ரைஃபிள் கிடைத்தது. அதைக் கையில் எடுக்காமலே பார்த்த காவலர் ஒருவர் 7.65 மவுசர் என்றார். வாக்குமூலத்திலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். உண்மையில் அது இத்தாலியின் 6.5 மில்லிமீட்டர் கார்கானோ. ‘மேட் இத்தாலி’, ‘கேல் 6.5’, 1940, சி2766 என்று அதன் மேலேயே பொறித்திருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது துப்பாக்கி இருந்ததென்று வாதிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அதே வழக்கில் முறையான தேடல் எவ்வளவு வேகமானது என்பதற்கும் சான்று இருக்கிறது. நம்பரை வைத்து இறக்குமதியாளரைப் பிடித்து, அங்கிருந்து சிகாகோவின் க்ளைன்ஸ் கடைக்குப் போய், இரவெல்லாம் பதிவேடுகளைப் புரட்டி, விடிவதற்குள் ஆர்டர் சீட்டைக் கண்டெடுத்தார்கள். அந்த ரைஃபிளை மார்ச் 20 அன்று ‘ஏ. ஹிடெல்’ என்ற பெயருக்கு, ஒரு தபால் பெட்டி எண்ணுக்கு அனுப்பியிருந்தார்கள். சீட்டில் இருந்த கையெழுத்து, கென்னடியைச் சுட்டதாகக் கைதான ஆஸ்வால்டுடையது. இத்தாலியில் பல தொழிற்சாலைகள் இதே மாடலைச் செய்ததால் ஒரே எண் திரும்ப வரும் வாய்ப்பும் இருந்தது. ‘சி’ என்ற முன்னெழுத்து அங்கே எண்ணுக்குச் சமமான சாட்சி. அதை விட்டுவிட்டு 2766 என்று மட்டும் குறித்திருந்தால் தேடல் கலங்கியிருக்கும்.

நம் ஊரில் அப்படி ஒரே கடைச் சீட்டு கிடைப்பது அரிது. ஆனால் வேறு காகிதங்கள் உண்டு. கலெக்டர் அலுவலகத்து லைசென்ஸ் பதிவேடு, துப்பாக்கிக் கடையின் பேரேடு, லைசென்ஸ்தாரர் இறந்தபின் வாரிசு ஒப்படைத்த ரசீது. தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் துப்பாக்கிகளை வாங்கி வைக்கும்போது எழுதும் பதிவும் நல்ல சாட்சி. எந்த ஆண்டில் யார் கையில் இருந்தது என்பதை அது காட்டும்.

நம்பரே இல்லாத ரைஃபிள் வரும்போதுதான் பொறுப்பு கூடுகிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி, அடையாளக் குறி அழிந்த துப்பாக்கியை வைத்திருப்பவரே அதை அழித்தார் என்று சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர்தான். எனவே நம்பரை அரம் போட்டு ராவினார்களா, துரு தின்றுவிட்டதா, ஆதியிலேயே இல்லையா என்று பிரித்துச் சொல்வது ஒருவரின் சிறைவாசத்தைத் தீர்மானிக்கும். எண்ணை அடிக்கும்போது எழுத்துக்குக் கீழே இருக்கும் இரும்பும் நெரிபடுகிறது. மேற்பரப்பை ராவினாலும் அந்த நெரிசல் ஓரளவு தங்கியிருக்கும். இடத்தை மெருகேற்றி, செம்புக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பஞ்சால் தடவிக்கொண்டே இருந்தால் எண் மெல்ல எழும்பும். சில நேரம் தோன்றி உடனே மங்கிவிடும். அதனால் காமிராவைத் தயாராக வைத்துக்கொண்டுதான் பஞ்சை எடுக்க வேண்டும். ஆழமாக ராவியிருந்தால் ஒன்றும் வராது. அப்போது ‘எண் தெரியவில்லை’ என்று எழுதத் துணிவு வேண்டும். பாதி தெரிந்த மூன்றை எட்டென்று ஊகிக்க நமக்கு உரிமையில்லை.

ஸ்டேஷனில் மகஜர் எழுதும் சார்பு ஆய்வாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். துப்பாக்கிக்குப் பெயர் வைக்கும் வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள். முதலில் அது காலி என்று உறுதிசெய்யுங்கள். பிறகு கண்ணில் படும் ஒவ்வொரு எழுத்தையும், எண்ணையும், சின்னத்தையும், அது எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பதையும் அப்படியே எழுதுங்கள். புரியாத குறியை வரைந்து காட்டுங்கள், அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். பழைய ரைஃபிளில் கவனிக்காமல் விட்ட ஒரு முன்னெழுத்து குற்றவாளியைத் தப்பவிடும், குற்றமற்றவரைச் சிக்கவைக்கும். அதை எழுதி முடிக்க அரை மணி நேரம் கூடுதலாக ஆகும். நீதிமன்றத்தில் பல வருஷம் கழித்துக் கேள்வி வரும்போது, பதில் சொல்ல அந்த அரை மணி நேரத்து வரிகள்தான் கையில் இருக்கும்.