பஜனைக்கு வயர் இல்லாத பேஸ் கிட்டார்: எந்த செட், ஏன் அந்த விலை?



போன மாசம் கோயில் கணக்கு வாசித்தபோது "பேஸ் கிட்டார் வயர்லெஸ் செட், 1,180 வெள்ளி" என்று ஒரு வரி வந்தது. அன்று ராத்திரியே புலனத்தில் கேள்விகள் வர ஆரம்பித்தன. "கோயிலுக்கு கிட்டார் எதுக்குங்க?" என்று சிலர். "இணையத்துல 150 வெள்ளிக்கே கிடைக்குதே, நாம ஏன் இவ்வளவு கொடுத்தோம்?" என்று பலர். ரெண்டும் நியாயமான கேள்விதான். அது ஒரு அக்கா தன் வீட்டுக்காரர் நினைவாகக் கொடுத்த உபயக் காசு. பூ கட்டி வித்து சேர்த்தது. அந்தக் காசு எப்படிச் செலவானது என்று கேட்க உங்கள் எல்லாருக்கும் உரிமை உண்டு. செட்டைத் தேடி அலைந்தவன் நான் என்பதால் நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு கோயில்களில் இருக்கிற நண்பர்களுக்கும் உதவும்.

முதலில், ஏன் தேவைப்பட்டது?

நம்ம கோயில் அமைப்பு உங்களுக்குத் தெரியும். பஜனைக் குழு உட்காருவது வசந்த மண்டபத்துக்குப் பக்கம். ஸ்பீக்கரும் மிக்சரும் ஆபீஸ் சுவரோரம். நடுவில் பிரகாரம். பேஸ் வாசிக்கிற தம்பியிடமிருந்து மிக்சர் வரைக்கும் 12 மீட்டர் வயர், மக்கள் வலம் வருகிற பாதைக்குக் குறுக்கே. டேப் போட்டுத்தான் ஒட்டுவோம். ஆனால் அபிஷேகத் தண்ணி, பால், எண்ணெய் எல்லாம் படுகிற தரையில் எந்த டேப்பும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு ஏந்தி வந்த ஒரு பாட்டியின் கால் அதில் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த பிள்ளை பிடித்துக்கொண்டதால் விழவில்லை. விழுந்திருந்தால் கையில் நெருப்பு, கட்டியிருந்தது பட்டுச்சேலை. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

"தம்பியை மிக்சர் பக்கத்துல உட்கார வெச்சா போதுமே" என்று தலைவர் சொன்னார். சரியான யோசனை. செலவே இல்லாத வழியைத்தான் முதலில் பார்க்கணும். ரெண்டு வாரம் அப்படியே செய்து பார்த்தோம். பாடுகிறவர் கை அசைப்பதும், டோலக்காரர் முகமும் அவனுக்குத் தெரியவில்லை. பஜனையில் வேகம் ஏறுவது கண் பார்வையில்தான். தம்பி அரைத் தாளம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். மூணாவது வாரம் அவன் வரவே இல்லை.

"கிட்டார் எதுக்கு" என்று கேட்டவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேஸ் என்பது சினிமா பாட்டு வாசிக்கிற கிட்டார் இல்லை. நாலு தடித்த தந்தி. சுருதிக்கும் தாளத்துக்கும் நடுவில் நின்று அடித்தளம் கொடுக்கும். அது நின்றால்தான் "ஏதோ குறையுது" என்று தெரியும். இன்னொன்று, 19 வயதுப் பையன் வெள்ளிக்கிழமை ராத்திரி மாலுக்குப் போகாமல் கோயிலுக்கு வருகிறான். அவனுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது, அதனால் வருகிறான். அவனைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் வருகிறார்கள்.

சரி, வயர் இல்லாமல் எப்படி?

ஒரு அங்கிள் கேட்டார்: "புளூடூத்துல விட்டா முடிஞ்சிச்சிலா?" முடியாது அங்கிள். சாதாரண புளூடூத் ஸ்பீக்கரில் தந்தியைத் தட்டி சத்தம் வெளியே வர 0.1 முதல் 0.2 விநாடி வரை ஆகும். பாட்டு கேட்க அது பரவாயில்லை. வாசிப்பதற்கு ஆகாது. பஜனை வேகம் பிடித்து நிமிஷத்துக்கு 120 தட்டு போகும்போது ஒரு தட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையே அரை விநாடிதான். அதில் 0.2 விநாடி பிந்தினால் தாளமே போச்சு. கிட்டாருக்கென்றே செய்த நல்ல டிஜிட்டல் செட்டுகளில் தாமதம் 2 முதல் 6 மில்லி விநாடிதான். சத்தம் காற்றில் ஒரு மீட்டர் போகவே சுமார் 3 மில்லி விநாடி ஆகிறது. அதாவது ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டரோ ரெண்டு மீட்டரோ தள்ளி உட்கார்ந்தது மாதிரி. யாருக்கும் தெரியாது.

அடுத்த கேள்வி, எந்த அலைவரிசை. கடைகளில் மூணு வகை கிடைக்கிறது.

1. யுஎச்எஃப். குருக்கள் சட்டையில்லாத மேனியில் மாலையோடு மாட்டிக்கொள்கிற சின்ன மைக் இந்த வகைதான். தூரம் நன்றாகப் போகும், கூட்டத்தைத் தாண்டியும் வரும். ஆனால் குருக்கள் மைக், பாடகர்களின் ரெண்டு மைக், அதோடு பேஸும் என்று ஒரே பக்கத்தில் குவித்தால் ஒன்றோடு ஒன்று மோதாதபடி அலைவரிசைகளைப் பிரித்து வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். நம்மிடம் அப்படி ஆள் இல்லை. அர்ச்சனை நடுவில் பேஸ் சத்தம் குருக்கள் மைக்கைக் கெடுத்தால் யார் பதில் சொல்வது?

அதோடு, பழைய அனலாக் யுஎச்எஃப் செட்டுகள் ஒலியை அமுக்கி அனுப்பி, மறுபக்கம் விரித்துக் கொடுக்கும். பேசுவதற்குச் சரி. பேஸில் ஒரு தந்தியை நீட்டி விட்டால் அது அடங்கும்போது பின்னால் "உஸ்ஸ்" என்று மூச்சு விடுவது மாதிரி கேட்கும். பாடகர் மைக்குக்கென்று செய்த சில செட்டுகள் அடி ஒலியையே வெட்டிவிடும். பேஸின் கீழ்த் தந்தி விநாடிக்கு 41 அதிர்வு, ஐந்து தந்தி பேஸில் 31. அதை வெட்டிவிட்டால் மிச்சம் "டக் டக்" மட்டும்தான்.

பழைய செட் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் 2019 அக்டோபரோடு அனலாக் டிவி நின்றுவிட்டது. 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைப்பேசிச் சேவைக்குப் போய்விட்டது. அந்தப் பகுதியில் ஓடுகிற பழைய மைக்கை யாராவது "சும்மா வெச்சிக்குங்க" என்று கொடுத்தாலும் வாங்க வேண்டாம். புதிதாக வாங்கும்போதும் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கோயில் பொருள் சட்டப்படி இருக்கணும்.

2. 2.4 கிகாஹெர்ட்ஸ். டிஜிட்டல். ஷூர், சென்ஹைசர், லைன் 6, பாஸ் போன்ற நிறுவனங்கள் கிட்டாருக்கென்றே இந்த வகை செய்கின்றன. அடி ஒலி முழுசாக வரும், குருக்கள் மைக்கோடு மோதாது. குறை என்னவென்றால் வைஃபை, புளூடூத் எல்லாம் ஓடுவதும் இதே பாதையில்தான். திருவிழா நாளில் கோயிலுக்குள் எத்தனை கைப்பேசி என்று எண்ணிப் பாருங்கள்.

3. 5.8 கிகாஹெர்ட்ஸ். நெரிசல் குறைவு. ஆனால் தூணோ ஆளோ குறுக்கே வந்தால் சீக்கிரம் அறுந்துபோகும். நம்ம கோயிலில் தூணுக்கா பஞ்சம்?

காகிதத்தில் படித்து முடிவு செய்ய முடியாது என்று தோன்றியது. கடைக்காரரிடம் பேசி, தெரிந்த சவுண்ட்காரரிடம் கேட்டு, மூணு செட்டைக் கடனாக வாங்கி வந்தோம். சோதித்தது கடையில் இல்லை, காலிக் கோயிலில் பகல் 3 மணிக்கும் இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி, பூஜை நேரம், கூட்டம் நிறைந்த வேளையில். இதுதான் இந்தப் பதிவிலேயே முக்கியமான விஷயம். கடையில் எல்லா செட்டும் நன்றாகத்தான் இருக்கும். அங்கே 300 பேர் கையில் கைப்பேசியோடு நிற்பதில்லை.

சோதனை சுலபம். கீழ்த் தந்தியை நீட்டி வாசிக்கச் சொன்னோம். பிறகு தூணுக்குப் பின்னால் நில், திரும்பி நில், கூட்டத்துக்கு நடுவில் உட்கார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எங்கே அறுகிறது என்று மிக்சர் பக்கம் ஒருவர் எழுதினார்.

150 வெள்ளி செட் பகலில் அருமையாக இருந்தது. ராத்திரி கூட்டம் ஏறியதும் பாட்டுக்கு நாலு தடவை அறுந்தது. தம்பியின் பேஸ் பேட்டரி போட்டு ஓடுகிற வகை. அதில் செருகியதும் மெல்லிசாக ஒரு "கீ" சத்தம் வேறு. 5.8 செட் சுத்தமான ஒலி, ஆனால் அவன் திரும்பி உட்கார்ந்தாலே போச்சு. மூணாவது, ரெண்டு ஆண்டெனா வைத்த 2.4 செட். ஒரு இடத்தில் நெரிசல் வந்தால் தானாகவே வேறு இடத்துக்கு மாறிக்கொள்ளும் வகை. அது ராத்திரி முழுக்க ஒரு தடவைகூட அறுக்கவில்லை. விலை 1,180.

150க்கும் 1,180க்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மலிவான செட்டை வாங்கி, ரெண்டு மாசத்தில் மூலையில் போட்டு, மறுபடி வயரையே பிரகாரத்தில் இழுத்திருந்தால் அந்த 150 வெள்ளியும் வீண், ஆபத்தும் அப்படியே இருக்கும். பெரிய மேடைக் கச்சேரிக்காரர்கள் வைத்திருக்கிற 3,000, 4,000 வெள்ளி செட்டும் நமக்குத் தேவையில்லை. நம்ம தூரம் 12 மீட்டர்தான்.

வாங்கும்போது பார்த்த சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. கிட்டாரில் நேராகச் செருகுகிற வகையா, இடுப்பில் மாட்டுகிற பெட்டியா? இடுப்புப் பெட்டிக்கு பெல்ட் வேணும். வேட்டி கட்டி உட்காருகிற பையனுக்கு எங்கே பெல்ட்? ஆனால் செருகுகிற வகை வெளியே நீட்டிக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தொடையில் இடிக்கும். கடைசியில் பெட்டி வகையையே எடுத்து, கிட்டார் தோள்வாரில் மாட்டிவிட்டோம். வியர்வையும் படாது. பேட்டரி சாதாரண ஏஏ வகை. உள்ளே புதைத்த பேட்டரி ரெண்டு மூணு வருஷத்தில் தளர்ந்துவிட்டால் செட்டே போன மாதிரி. ஏஏ என்றால் நவராத்திரி நடுவில் தீர்ந்தாலும் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு செய்தவை. ரிசீவரைத் தரையில் வைக்காமல் ஆள் உயரத்துக்கு மேலே, ஆபீஸ் சுவரில் ஒரு சின்னப் பலகை அடித்து வைத்தோம். மனுஷ உடம்பில் பாதிக்கு மேல் தண்ணி, 2.4 அலையைத் தண்ணி நன்றாகவே தடுக்கும். தலைக்கு மேலே இருந்தால் பார்வை நேராகக் கிடைக்கும். ஆபீஸ் வைஃபை பெட்டியை அங்கிருந்து மறுமூலைக்கு மாற்றி, 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பிவிட்டோம். இதற்குச் செலவு ஒரு பலகையும் நாலு ஆணியும்.

தம்பிக்கும் மிக்சர் பார்க்கிறவர்களுக்கும் நாலு விதி எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பூஜைக்கு முன்னால் புது பேட்டரி. பாதி தீர்ந்ததை மறுநாள் பழகும்போது போட்டுக்கொள்ளலாம்.

தீபாராதனை மணி அடித்ததும் பெட்டியில் இருக்கிற ஒலி நிறுத்தும் பொத்தானை அழுத்தணும். அந்த நேரம் மணிக்கும் நாதஸ்வரத்துக்கும் மட்டும்தான்.

மிக்சரில் ஒலியைக் குறைக்காமல் செட்டைக் கழற்றவோ அணைக்கவோ கூடாது. அந்த "டம்" சத்தத்தில் ஸ்பீக்கர் போய்விடும், முன்னால் உட்கார்ந்திருக்கிற குழந்தை பயந்துவிடும்.

பழைய வயர் எப்போதும் பையில் இருக்கணும். செட் மக்கர் பண்ணினால் அந்தப் பாட்டு முடிந்ததும் வயருக்கு மாறு. அன்று மட்டும் மிக்சர் பக்கம் உட்கார்.

இன்னொன்றும் சொல்லணும். ரத ஊர்வலத்துக்கு இந்த செட் வராது. கேட்டவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊர்வலத்தில் வாசிக்கிறவரும் ஸ்பீக்கரும் ஒரே லாரியில். 3 மீட்டர் வயர் போதும், யார் காலிலும் படாது. தெருவுக்குத் தெரு புது வைஃபை, அதோடு ராத்திரி முழுக்க பேட்டரி. அங்கே வயர்தான் நல்லது. புதுசு வாங்கிவிட்டோம் என்பதற்காக எல்லா இடத்திலும் போடணும் என்று இல்லை.

உங்களிடம் ஒரு உதவி. பஜனை நேரத்தில் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை மட்டும் அணைத்து வையுங்கள். பிள்ளைகளுக்கு கார்ட்டூன் போட்டுக் கொடுக்க அதைத் திறந்து வைக்கிறீர்கள் என்று தெரியும். ஒரு மணி நேரம்தான்.

வேறு கோயில் நிர்வாகத்தினர் யாராவது இதே மாதிரி வாங்க யோசித்தால், ஒரு வெள்ளிக்கிழமை 7 மணிக்கு மேல் வாருங்கள். செட்டைக் கழற்றிக் காட்டுகிறோம், உங்கள் பையனை வாசித்துப் பார்க்கவும் சொல்லலாம். ரசீதும் சோதனை செய்து எழுதிய தாளும் ஆபீஸ் கோப்பில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நவராத்திரி முதல் நாள் பஜனை ராத்திரி 8 மணிக்கு. குடும்பத்தோடு வாருங்கள்.