பின்சில்லுக்கு ஒரு கல்

தமிழ்ச் சங்கத்தின் இவ்வாண்டு மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மாணவர் இருவர் என்னிடம் வந்து கேட்டபோது, இலக்கியம் பற்றியோ இலக்கணம் பற்றியோ ஏதாவது தருவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். நான் எழுத எடுத்துக்கொண்டதோ கார்ச் சில்லொன்றில் காற்றுப்போன கதை. அதற்காக நான் நாணவில்லை. யாழ்ப்பாணத்திற்கும் கண்டிக்கும் இடையே வீதிவழியே போய்வந்தவர்களுள் ஒருமுறையேனும் வீதியோரத்தில் நிற்க நேராதவர் அரியர். நின்ற இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் கற்ற எந்தப் பாடநெறியும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

1980ஆம் ஆண்டு நான் பேராதனைக்கு அனுமதி பெற்றேன். என்னைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பை மாமா ஏற்றுக்கொண்டார். அவர் ஓர் ஆசிரியர். கரும்பலகையில் அவர் எழுதினால் அச்சுக் கோத்தது போலிருக்கும். ஊரிலே கலியாண அழைப்பிதழுக்கு மேல்விலாசம் எழுதுவதென்றால் அவரிடந்தான் கொண்டுவருவார்கள். அவரிடம் ஓர் ஒஸ்ரின் ஏ40 கார் இருந்தது. அது அவரது பிள்ளைகளுள் மூத்தது என்று மாமி கேலி செய்வதுண்டு. விடியற்காலை நான்கு மணிக்கு றங்குப்பெட்டியையும் பனங்கட்டிக் குட்டான்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். தம்புள்ளையில் தேநீர் குடித்தோம். மாத்தளையைக் கடந்து பலகடுவை மலையில் ஏறும்போது காரின் பின்புறம் ஒரு பக்கமாக இழுத்தது. மாமா நிறுத்தினார். இடது பின்சில்லில் காற்று முற்றாகப் போயிருந்தது.

அதன்பின் அவர் செய்தவை யாவும் ஒழுங்காகவே இருந்தன என்பதை இங்குச் சொல்லியாக வேண்டும். வளைவைத் தாண்டி, பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரியுமிடத்தில், இயன்றவரை ஓரமாக நிறுத்தினார். கியரைப் போட்டார், ஹாண்ட் பிறேக்கை இழுத்தார். அது இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. கம்பி தளர்ந்துவிட்டது, அடுத்த மாதம் பார்க்க வேண்டும் என்று அவர் கூறியது எனக்கு நினைவிருக்கிறது. கார் தரையில் நிற்கும்போதே நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்திக்கொண்டார். தூக்கியபின் தளர்த்த முயன்றால் சில்லும் கூடவே சுழலும், காரும் அசையும். பின்னர் என்னைப் பார்த்து, "தம்பி, மற்றப் பின்சில்லுக்குப் பின்னால ஒரு பெரிய கல்லாப் பாத்து வை" என்றார்.

வீதியோரக் கானுக்குள்ளே பெரிய கற்கள் கிடந்தன. ஆனால் கானில் சேறு. நான் அணிந்திருந்ததோ பல்கலைக்கழகத்திற்கென்று புதிதாகத் தைத்த வெள்ளை நீளக் காற்சட்டை. வீதியின் விளிம்பிலே தேங்காய்ப்பாதியளவில் ஒரு கல் கிடந்தது. அதை எடுத்து வைத்தேன்.

"வைச்சிட்டியோ?"

"ஓம் மாமா."

அவர் எழுந்து வந்து பார்க்கவில்லை. நான் சொன்னதை நம்பினார்.

ஜக்கை வைத்துத் தூக்கி, பழுதான சில்லைக் கழற்றி, மற்றச் சில்லைத் தூக்கி அச்சில் பொருத்தும் வேளையில் கார் மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது. அந்தச் சிறுகல்லின் மேலேறி இறங்கியது. ஜக் சரிந்தது. எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரம். மாமாவின் வலக்கை பிறேக் பேணிக்கும் சில்லுக்கும் இடையே அகப்பட்டது. அந்தக் கணத்தில் நான் கண்ட ஒன்று பல மாதங்கள் என்னை விட்டு அகலவில்லை: கார் பின்னோக்கிப் போகிறது; ஆனால் சில்லுக் கழற்றப்பட்ட அந்தப் பேணியோ முன்னோக்கிச் சுழன்றது.

கீழிருந்து வந்த லொறியொன்று நின்றது. சாரதியும் உதவியாளும் சிங்களவர். இருவரும் தோள்கொடுத்துக் காரை உயர்த்தி மாமாவின் கையை விடுவித்தார்கள். நான் நின்ற நிலையைக் கண்ட சாரதி என்னுடன் ஒன்றும் பேசவில்லை. கானுக்குள் இறங்கி இரு கைகளாலும் பெருங்கல்லொன்றைச் சுமந்துவந்து சில்லுக்குப் பின்னால் வைத்தார். உதவியாளைக் காருக்குக் காவல் வைத்துவிட்டு, லொறியைத் திருப்பி எங்களை மாத்தளைக்குக் கொண்டுபோனார். மாமா வலக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் இழந்தார். பின்னர் அவர் இடக்கையால் எழுதப் பழகினார். அவர் எனக்கு விடுதிக்கு எழுதிய முதலாவது கடிதத்தின் உறையைப் பார்த்து, யாரோ சிறுபிள்ளை எழுதியது என்று அறைத்தோழன் சிரித்தான்.

அந்த அறைத்தோழன் பொறியியற்பீட மாணவன். விடயத்தை அறிந்தபின் அவனே ஓரிரவு தாளில் வரைந்து காட்டினான். கியரிற் போட்ட கார் ஏன் உருண்டது என்பதுதான் என் கேள்வி. அவன் சொன்னது இது: பின்சில்லுகளால் இயங்கும் காரில் இரண்டு சில்லுகளுக்கும் நடுவே டிபரென்சியல் என்றொரு பல்லிணைப்பு உண்டு. வளைவில் திரும்பும்போது வெளிச்சில்லு கூடுதலாகவும் உட்சில்லு குறைவாகவும் சுழல அது இடமளிக்கிறது. கியரிற் போட்டு எஞ்சினை நிறுத்தினால் நடுத்தண்டு பூட்டப்படும். ஆயினும் ஒரு சில்லு ஒருபுறம் சுழல, மற்றையது அதே அளவு எதிர்ப்புறம் சுழலுவதைத் தடுக்க எதுவுமில்லை. இரண்டும் தரையில் நிற்கும்போது அது நிகழாது. ஒன்றை நிலத்திலிருந்து உயர்த்திய கணமே கியரின் பிடி இல்லாமற் போய்விடுகிறது. எஞ்சியவை ஹாண்ட் பிறேக்கும் கல்லுமே. ஹாண்ட் பிறேக் தளர்ந்திருந்தது. கல்...

அவன் அதற்குமேல் சொல்லவில்லை. நான் எவ்வளவு பெரிய கல் வைத்தேன் என்பது அவனுக்குத் தெரியாது. பேணி முன்னோக்கிச் சுழன்றதன் காரணம் எனக்கு விளங்கிவிட்டது. இன்னொன்றும் சொன்னான். கழற்றிய சில்லை வீதியில் எறிந்துவைக்காமல், காரின் விளிம்புக்குக் கீழே படுக்கையாகத் தள்ளிவைத்திருந்தால், ஜக் சரிந்தாலும் கார் அதன்மேலேயே தங்கியிருக்குமாம். இதற்குச் செலவுமில்லை, கருவியும் வேண்டாம். இவ்வளவு எளிய உபாயத்தை நாட்டில் எத்தனை பேர் கையாளுகிறார்கள் என்று நான் அன்றுமுதல் போகுமிடமெல்லாம் பார்த்துவருகிறேன். மிகச் சிலரே.

இங்கே பேராதனைப் பூங்காவின் அயலிலிருந்து எழுதுவதால் ஒரு சிறு விலகல். றப்பர் கன்றுகள் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்தது 1876இல். ஹெனரத்கொடையில் அவை நடப்பட்டன. டன்லொப் காற்றடைத்த ரயருக்கு உரிமம் பெற்றதோ 1888இல். ரயருக்கு முன்னரே மரம் வந்து இங்கு வேரூன்றிவிட்டது. அந்த றப்பரின் நாட்டிலே தேய்ந்து கம்பி தெரியும் ரயருடன் மலையேறுகின்ற நமது துணிவை என்னென்பது!

வீதியோரத்தில் நிற்பவர் பின்னால் வருபவருக்கு அறிவிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நம்மவர் ஒரு கொப்பை முறித்துக் காரின் பின்னால் போடுவர். நல்ல வழக்கந்தான், பிழை தூரத்தில் இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கிறது. காருக்கு மூன்று மீற்றர் பின்னால் கிடக்கும் குழை, மோதிய பின்னரே சாரதிக்குத் தெரியும். வளைவுக்கு அப்பால் நிற்பதாயின் குழையை வளைவுக்கு முன்னால் போட வேண்டும். வேலை முடிந்ததும் கொப்பையும் கற்களையும் அகற்ற வேண்டும் என்பதையோ ஏறத்தாழ எவரும் எண்ணுவதில்லை. இரவில் மோட்டார்ச் சைக்கிளில் வருபவனுக்கு அநாதையாய்க் கிடக்கும் அந்தக் கல் எமனாகிவிடலாம். மாமாவை ஏற்றிச்சென்ற அந்த லொறிச் சாரதி, மறுநாள் நாங்கள் காரை எடுக்கப் போனபோது அங்கு வந்திருந்தார். கார் நகர்ந்ததும் அவர் செய்த முதல் வேலை, அந்தப் பெருங்கல்லைத் தூக்கிக் கானுக்குள் போட்டதுதான்.

எனினும் வீதியோர விதிகள் இடத்துக்கு இடம் தலைகீழாக மாறுவன என்பதை நான் 2002இல் கற்றேன். போர்நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறக்கப்பட்டது. பல ஆண்டுகளின் பின் வான் ஒன்றில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவுப் படைமுகாம் வீழ்ந்தது. அதன்பின் போர்முனை முகமாலைப் பக்கமாக நகர்ந்திருந்தது. ஆனையிறவைக் கடந்தபின் இருமருங்கிலும் தலையிழந்த பனைகள். வீதியின் விளிம்பை ஒட்டி மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். இயக்கச்சிக்கும் பளைக்கும் இடையே எங்கள் வானின் முன்சில்லில் காற்றுப் போனது.

சாரதி நடுத்தர வயதினர். நிறுத்துமுன்பே திரும்பி, "ஒருத்தரும் தாரை விட்டுக் கால் வைக்கக்கூடாது" என்றார். ஓரமாக நிறுத்துக, வீதியை விட்டு விலகி நில்லுங்கள் என்று உலகமெங்கும் சொல்லும் புத்திமதி அங்கே மரணத்துக்கு வழி. வீதியோரத்தில் கல் பொறுக்க முடியாது. குழை முறிக்க முடியாது. அடக்க மாட்டாத முதியவர் ஒருவருக்குச் சலம் கழிக்க இறங்கவும் முடியவில்லை. வானின் மறைவில் தாரின்மீதே நின்று கழித்தார், பெண்கள் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாரதியோ எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக வந்திருந்தார். ஆசனத்தின் கீழிருந்து மரக்கட்டைகள் இரண்டை எடுத்துப் பின்சில்லுக்கு முன்னும் பின்னும் இறுக்கினார். ஒரு நட்டு அவர் கையிலிருந்து நழுவி உருண்டு, தாரின் விளிம்பைத் தாண்டிப் புல்லுக்குள் போயிற்று. ஓர் எட்டு எடுத்துவைத்தால் எடுத்துவிடலாம். அதன் பளபளப்புத் தெரிந்தது. என்னருகில் நின்ற இளைஞன் ஒருவன் குனிந்தான். சாரதி அவனது சேட்டைப் பிடித்து இழுத்தார். மற்ற மூன்று சில்லுகளில் ஒன்றிலிருந்து ஒரு நட்டைக் கழற்றி இங்கே பூட்டினார். எதிரெதிர் நட்டுகளாக மாறிமாறி இறுக்கினார். பளையில் நிறுத்தி மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். அந்த நட்டு இன்றும் அங்கே மண்ணுக்குள் கிடக்கக்கூடும்.

2011இல் தென்பகுதிக்கு அதிவேக நெடுஞ்சாலை திறந்தபின் விதி மறுபடியும் மாறிற்று. அங்கே மணிக்கு 100 கிலோமீற்றர். செக்கனுக்கு 28 மீற்றர் அளவில். அவ்வீதியில் சில்லு மாற்றும் துணிவு எனக்கில்லை. இயன்றால் காற்றுப்போன சில்லுடனேயே ஊர்ந்து அகலமான ஓரத்துக்குப் போய்விட வேண்டும். ரயர் கிழியும், கிழியட்டும். பின் எல்லோரும் இடப்பக்கக் கதவால் இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நின்று உதவியை அழைப்பதே முறை. மழை பெய்கிறதென்று காருக்குள்ளே குழந்தைகளை இருத்திவைப்போர் உளர்.

கயிறு கட்டி இழுத்த அனுபவமும் ஒன்றுண்டு. 2005இல் கெக்கிராவைக்கு அருகே எனது காரின் எஞ்சின் நின்றுவிட, வழியில் வந்த வான்காரர் ஒருவர் இழுத்துவிட ஒப்புக்கொண்டார். வழக்கம்போல் திறப்பைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன். அவர் அதைக் கண்டு, "ஐயா, ஸ்ரியறிங்கைத் திருப்பிப் பாருங்கோ" என்றார். திருப்பினேன், பூட்டிக்கொண்டது. முதல் வளைவில் அறிந்திருந்தால் என்னவாகியிருக்கும்! எஞ்சின் ஓடாதபோது இரண்டு மூன்று மிதிக்குப்பின் பிறேக் கல்லாகிவிடும் என்பதையும் அவரே சொன்னார். முழுப்பலத்துடன் மிதிக்க வேண்டும். கயிற்றின் நடுவே சிவப்புத் துணியொன்றைக் கட்டினார். கயிறு தளராதபடி நான் இலேசாகப் பிறேக் பிடித்தபடியே வரவேண்டும், நிறுத்த எண்ணினால் அவர் கையை வெளியே நீட்டுவார் என்று பேசிக்கொண்டோம். கயிறு விறைத்திருக்கும்போது அதைக் கடந்து நடக்க முயன்ற சிறுவனை அவர் அதட்டியதும் நினைவிருக்கிறது; நைலோன் கயிறு அறுந்தால் சாட்டைபோல் வீசும். இன்றைய கார்களில் பலவற்றை, குறிப்பாகத் தன்னியக்கக் கியர் உள்ளவற்றையும் ஹைபிரிட் வகையினவற்றையும், இயக்குசில்லு தரையில் உருள இழுத்தால் உள்ளே பெருஞ்சேதம் நேரலாம். அவற்றை லொறித் தட்டில் ஏற்றிக்கொண்டு போவதே நன்று.

எனது முதலாவது காரை நான் வாங்கியது 2003இல். அவ்வாண்டே அதனை ஓட்டிக்கொண்டு மாமாவைப் பார்க்க ஊருக்குப் போனேன். ஒஸ்ரின் அப்போது இல்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் கிடையாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி, இடப்பெயர்வின்போது கைவிடப்பட்டு, திரும்பி வந்து பார்க்கையில் தகரமும் எஞ்சியிருக்கவில்லையாம். மாமா எழுபதைத் தாண்டிவிட்டார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். டிக்கியைத் திறக்கச் சொல்லி, மேலதிகச் சில்லை இடக்கைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். அதில் காற்றுக் குறைவு என்றார். ஹாண்ட் பிறேக்கை இழுத்துப் பார்த்தார். பிறகு கொட்டிலுக்குள் போய்ச் சற்றுநேரம் எதையோ தேடினார்.

வரும்போது அவரது கையில் ஆப்பு வடிவில் அறுத்த இரண்டு பனங்கட்டைகள் இருந்தன. 1980இல் காயம் ஆறியதும் இடக்கையால் வாள்பிடித்து அவரே அறுத்தவை என்று மாமி பின்னர் சொன்னார். இடப்பெயர்வில் வீட்டுக் கதவுகளும் போய்விட்டன. இவை எப்படியோ எஞ்சியிருந்தன. அறுத்த பக்கம் கோணலாக இருந்தது.

அவற்றை டிக்கிக்குள் வைத்துவிட்டு மாமா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"இனிக் கானுக்குள்ள இறங்கிக் கல்லுத் தேடத் தேவையில்லைத் தம்பி."