நகல் இயந்திரமும் ழகரமும்

வண்ண லேசர் நகல் இயந்திரத்துக்கு எழுத்து தெரியாது. புள்ளிகள் மட்டுமே தெரியும். எந்தக் கணினி அனுப்பினாலும், பக்கம் முழுவதும் புள்ளிகளாக மாறிய பிறகே தாளில் அச்சேறுகிறது. தமிழ் ஆய்வேடு சிதைவதும் பெரும்பாலும் அந்த மாற்றத்தின் வழியில்தான்.

தில்லி கிட்வாய் நகரில் ஒரு ஜெராக்ஸ் கடை. விண்டோஸ், மேக், உபுண்டு என மூன்று கணினிகள். மூன்றுக்கும் பொதுவாக ஒரே வண்ண இயந்திரம். வட்டார வழக்கை ஆராயும் மாணவி ஒருத்திக்கு ஆய்வேட்டின் மூன்று படிகள் தேவைப்பட்டன. கூட்டம் மிகுந்த மாலை என்பதால், கணினிக்கு ஒரு படியாக அவளது வேர்டு கோப்பு ஏற்றப்பட்டது. ‘பழம்’, ‘பளம்’, ‘பயம்’ என்னும் மூன்று ஒலிப்புகளையும் மூன்று நிறங்களில் காட்டும் நிலப்படம் அதில் இருந்தது. விண்டோஸ் படி சரியாக வந்தது. உபுண்டு படியில் ‘கொழுந்து’ என்ற சொல்லின் கொம்பும் காலும் ககரத்தை விட்டு விலகின. சில இடங்களில் வெற்றுக் கட்டங்களே நின்றன. மேக் படியில் இரண்டு நிறங்கள் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. கடைக்காரர் இந்தியும் ஆங்கிலமும் படிப்பவர். அவர் கண்ணுக்கு மூன்றும் ஒன்றே.

இயந்திரத்தை வலைப்பின்னலில் சேர்ப்பது கடினமன்று. ஈதர்நெட் கேபிளைச் செருகி, ரவுட்டரில் அதற்கென ஓர் ஐ.பி. முகவரியை நிலையாக ஒதுக்க வேண்டும். இல்லையெனில் முகவரி மாறும் நாளில் கணினிகள் அதைத் தவறவிடும். மேக்கிலும் லினக்ஸிலும் அச்சுப்பணியைக் கவனிப்பது 1999இல் வெளிவந்த கப்ஸ் மென்பொருள். விண்டோஸுக்குத் தனி ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஐ.பி.பி. என்னும் நெறிமுறை உண்டு. இயந்திரம் அறிந்த பக்கமொழிக்கு ஏற்ற டிரைவரையும் தேர வேண்டும். பி.சி.எல். மட்டும் அறிந்த இயந்திரத்துக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் போனால், கட்டளை வரிகளே தாள் தாளாக வெளிவரும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் எழுத்து பிழைக்கும் என்ற உறுதி இல்லை. யூனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் அதன் பின்னே ஒகரக் குறியும். கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்துவது எழுத்துருவும் அதை வரையும் மென்பொருளும். அவை கணினிக்குக் கணினி வேறுபடும். திரையின் சிவப்பு, பச்சை, நீலத்தை நான்கு டோனர் நிறங்களாக மாற்றும் முறையும் டிரைவருக்கு டிரைவர் வேறு.

ஆகவே கடைக்கு வேர்டு கோப்பைக் கொண்டுசெல்லலாகாது. எழுதிய கணினியிலேயே எழுத்துருவை உட்பொதித்துப் பி.டி.எஃப். ஆக்கிக்கொள்ள வேண்டும். ஆவணக் காப்புக்காக 2005இல் வகுக்கப்பட்ட பி.டி.எஃப்./ஏ தரம் இந்த உட்பொதிப்பைக் கட்டாயமாக்குகிறது. நிலப்படத்தில் நிறத்தோடு கோடு, புள்ளி போன்ற குறிகளும் இருந்தால், நிறம் மங்கினாலும் செய்தி நிற்கும். எல்லாப் படிகளையும் ஒரே கணினியிலிருந்து எடுப்பது நல்லது. முதலில் ஒரு சோதனைப் பக்கம் போதும்.

வட்டார வழக்காய்வில் ‘பளம்’ அச்சுப்பிழையன்று, சான்று. சிதைந்த படி தேர்வாளர் கைக்குப் போனால், பிழை அச்சிலா தரவிலா என்று அவரால் பிரித்தறிய இயலாது. மதுரையிலோ சென்னையிலோ கடைக்காரரே, “என்னம்மா, எழுத்து இப்படி உடைந்து வருகிறதே?” என்று கேட்டுவிடக்கூடும். தில்லியில் அந்தக் கேள்வியை ஆய்வாளர்தான் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும், பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன்.