எங்க கோயில் என்ஜினியர் ஐயா



வெள்ளை வேட்டி, சட்டைப் பையில ஒரு டெஸ்டர். மடப்பள்ளி வாசல்ல நிற்பாரே, அந்த என்ஜினியர் ஐயா 88 வயதில் இறைவனடி சேர்ந்தார். நேற்று 16-ஆம் நாள் கிரியை முடிஞ்சது. ஒரு விஷயத்தை எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

ஐயா 1936-இல் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்பா அம்மா ரெண்டு பேரும் பால்மரம் வெட்டுனவங்க. வீட்டுல மண்ணெண்ணெய் விளக்கு. அப்படிப் படிச்ச பையன்தான் மின்சார என்ஜினியர் ஆனார். மத்திய மின்சார வாரியத்தில் சேர்ந்தார். அது 1965-இல் லெம்பாகா லெத்ரிக் நெகாரா ஆச்சு, 1990-இல் தெனாகா நேஷனல் ஆச்சு. "பேருதான் ரெண்டு தடவை மாறுச்சு, நான் அதே ஆளுதான்"னு சிரிப்பார். கேமரன் மலையில பூமிக்கு அடியில இருக்கிற ஜோர் மின்நிலையத்தைப் பற்றிப் பேச ஆரம்பிச்சா அன்னதானமே ஆறிப் போயிடும்!

55 வயசுல ஓய்வு பெற்ற மறு வாரமே கோயிலுக்கு வந்துட்டார். மூணு பிள்ளைகளைப் படிக்க வச்சு, கல்யாணம் பண்ணிக் கொடுத்து, கடைசிப் பத்து வருஷம் மறதி நோயில் இருந்த அம்மாவுக்குத் தலை வாரி, பூ வச்சு, வெள்ளிக்கிழமை தவறாம சக்கர நாற்காலியில கூட்டிட்டு வருவார். பக்கவாசல்ல இருக்கிற சாய்வுப் பாதை அம்மாவுக்காக அவர் சொந்தக் காசுல போட்டது. இன்னைக்கு எத்தனை பாட்டிமார் அதுல வர்றாங்க.

இப்ப என் கதை. 2009 திருவிழா. அபிஷேகத் தண்ணி ஓடுற இடத்தைத் தாண்டி சீரியல் பல்புக்கு எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துட்டேன். ஐயா வந்தார், ஒண்ணும் பேசல, பிளக்கைப் பிடுங்கிட்டார். அப்புறம் எல்லார் முன்னாடியும், "ஈரத்தரை, வெறுங்கால். இங்க யாரைச் சாகடிக்கப் பார்க்கிறே?"ன்னு கேட்டார். எனக்கு ரோஷம். மூணு மாசம் கோயில் பக்கமே வரல.

அவரே வீடு தேடி வந்தார். மன்னிப்பு எல்லாம் கேட்கல. "தம்பி, ஈஎல்சிபி பெட்டி மாட்டப் போறேன், ஏணி பிடிக்க ஆள் வேணும்"னார். போனேன். அன்னைக்குத்தான் சொல்லிக் கொடுத்தார்: "போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கணும். குறைஞ்சா, எங்கயோ ஒழுகுது, ஒரு ஆள் உடம்பு வழியாக்கூட இருக்கலாம். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தா இது கண் மூடித் திறக்கிறதுக்குள்ள அணைச்சிடும். ஆனா இதுவும் மெஷின்தான், கெட்டுப் போகும். மாசம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கணும்."

ஒவ்வொரு தமிழ் மாசமும் முதல் தேதி அழுத்துவார். பெட்டிக் கதவுக்கு உள்ளே ஒட்டின தாளில் டிக் போடுவார்.

நேற்று கிரியை முடிஞ்சு கோயிலுக்கு வந்தேன். என்னமோ தோணி அந்தக் கதவைத் திறந்தேன். கடைசி டிக் ஆவணி. அதுக்கப்புறம் ஐயா படுத்த படுக்கை. புரட்டாசியில இருந்து தை வரைக்கும் அஞ்சு கட்டமும் காலி. நாங்க இத்தனை தொண்டர்கள் இருந்தும் ஒருத்தர்கூட அழுத்தல, நானும்தான்.

அழுத்தினேன். ஸ்விட்ச் விழல. மறுபடியும் அழுத்தினேன். லைட்டு எல்லாம் எரிஞ்சுகிட்டேதான் இருந்துச்சு. கை நடுங்கிடுச்சு. மார்கழி முழுக்க விடியற்காலையில எத்தனை பேர் அந்த ஈரத்தரையில நின்னாங்க!

இன்னைக்குக் காலையில வயர்மேனைக் கூப்பிட்டு புதுசு மாத்தியாச்சு. ஐயா மகள் உபயமா கொடுத்தாங்க. அம்மாவும் வந்திருந்தாங்க, தலை வாரி, பூ வச்சு. பட்டனை அழுத்தினதும் டக்குன்னு விழுந்துச்சு. தை கட்டத்துல டிக் போட்டேன், ஐயா எழுத்துக்குக் கீழேயே.

தைப்பூசம் நெருங்கிடுச்சு. தண்ணீர் பந்தலுக்கு வயர் இழுக்கிற தம்பிங்க யாரா இருந்தாலும் முதல்ல என்னை வந்து பாருங்க. திட்ட மாட்டேன். பிளக்கை மட்டும் பிடுங்குவேன்.