இழுப்பது எளிது... நிறுத்துவதுதான் வித்தை!

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் எப்போதாவது ஒரு விசித்திரமான ஜோடி கண்ணில் படும். முன்னால் போவது சரக்கு லாரியின் தலைப்பகுதி. பின்னால் கன்டெய்னரோ டேங்கரோ இருக்காது. ஜன்னல் திரை, சமையலறை, படுக்கையறை எல்லாம் கொண்ட ஒரு முழு வீடு உருண்டு வரும். ஸ்டீயரிங் பிடித்திருப்பவர் லாரி டிரைவரும் அல்ல. பணி ஓய்வு பெற்ற ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ இருப்பார். பக்கத்து இருக்கையில் மனைவி. மனைவியின் மடியில் ஒரு நாய்க்குட்டி.

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவில் அது சாதாரணக் குடும்பங்களின் கனவு. 'ஆர்.வி.' என்று செல்லமாகச் சொல்வார்கள். பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், தனித்தனியாகக் குடும்பம் நடத்தத் தொடங்கிய பிறகு, இருக்கும் வீட்டை விற்றுவிட்டு வருடம் முழுக்க இந்தச் சக்கர வீட்டிலேயே வாழ்கிறவர்கள் உண்டு. குளிர்காலத்தில் அரிசோனா, கோடையில் மொன்டானா என்று பறவைகளைப் போலப் பருவத்துக்கு ஏற்ப இடம் மாறுவார்கள்.

கேட்பதற்கு சுகமாக இருக்கிறது. ஆனால், வீட்டை விற்ற பணத்தை வண்டியில் போடும் ஒரு தம்பதி முதலில் மாட்டிக்கொள்வது ஒரு கணக்கில். அந்தக் கணக்கு தப்பினால் பணம் மட்டும் போகாது, உயிரும் போகலாம். எதிரே வருகிற யாரோ ஒருவருடைய குடும்பமும் சேர்ந்து போகலாம்.

இழுத்துச் செல்லும் வீடுகளில் பெரியது 'ஃபிப்த் வீல்' வகை. ஐந்தாவது சக்கரம் என்று பொருள். குதிரை வண்டிக் காலத்துப் பெயர் இது. முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக, வண்டிக்கு அடியில் படுக்கைவாட்டில் ஒரு சக்கரம் வைத்தார்கள். இருக்கும் நான்கோடு அது ஐந்தாவது. இன்று டிரெய்லர் லாரிகளில் தலைப்பகுதியின் மேல் இருக்கும் வட்டத் தட்டுக்கும் அதே பெயர்தான். டிரெய்லருக்கு அடியில் துருத்திக்கொண்டிருக்கும் தடித்த இரும்பு முளை இந்தத் தட்டில் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

ஷோரூமுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "எங்கள் பிக்கப் வண்டி இதை இழுக்குமா?" விற்பவரும் "தாராளமாக இழுக்கும்" என்பார். அவர் பொய் சொல்வதில்லை. இன்றைய டீசல் பிக்கப்கள் யானை பலம் கொண்டவை. ஆனால், கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் இரண்டு இருக்கின்றன. தாங்குமா? நிற்குமா?

தாங்குவதை முதலில் பார்க்கலாம். ஒரு ஃபிப்த் வீல் வீடு, சாமான்களோடு 8,000 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த எடை முழுவதும் வீட்டின் சொந்தச் சக்கரங்கள் மேல் இறங்குவதில்லை. ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை, இழுக்கும் வண்டியின் முதுகில் வந்து உட்காரும். குறைந்தபட்சக் கணக்கே 1,600 கிலோ. பூட்டும் கொக்கிக்கு 100 கிலோ. தம்பதி இருவருக்கும் சேர்த்து 150. கருவிப் பெட்டி, நாய், தின்பண்டம், தண்ணீர் கேன் என்று இன்னொரு 100. மொத்தம் 1,950 கிலோ. பின்பக்கம் இரட்டை டயர் இல்லாத 'ஒரு டன்' பிக்கப்களில் பலவற்றின் தாங்கும் திறன் சுமார் 1,800 கிலோதான். டிரைவர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே அந்த எண் இருக்கும். இழுக்கும் திறனைக் கொட்டை எழுத்தில் போடும் விளம்பரங்கள், இதைச் சொல்வதில்லை.

மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்பது தமிழர்களுக்குப் பழைய பாடம்தான். வீடு மயிலிறகு அல்லவே!

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த சிலர்தான் நேராகச் சரக்கு லாரிக்குப் போனார்கள். பெரிய போக்குவரத்து நிறுவனங்கள் தங்கள் லாரிகளைச் சில வருடங்கள் ஓட்டிவிட்டு விற்றுவிடும். வோல்வோ, ஃபிரைட்லைனர், பீட்டர்பில்ட் போன்ற வண்டிகள் பல லட்சம் மைல் ஓடிய பிறகும் வலுவாக இருக்கும். பல நேரங்களில் புத்தம் புது பிக்கப்பைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கும். 35 டன் வரை இழுத்துப் பழகிய வண்டிக்கு 8 டன் வீடு ஒரு சுமையே இல்லை.

ஆனால், வாங்கியதும் அப்படியே பூட்டி ஓட்டிவிட முடியாது. சரக்கு லாரியைக் குடும்ப வண்டியாக மாற்றுவது தனி வேலை. லாரியின் ஐந்தாவது சக்கரத் தட்டு வீட்டின் முளைக்கு ஒத்துவராத உயரத்தில் இருக்கும். தவிர, சரக்கு டிரெய்லரின் உடம்பு இரும்பு உடம்பு. வீட்டின் உடம்போ மெல்லிய சட்டமும் பலகையும். லாரி குலுங்கும் ஒவ்வொரு குலுக்கலும் சமையலறை அலமாரியை ஆட்டிவைக்கும். அதனால் பழைய தட்டை எடுத்துவிட்டு, காற்றுப் பைகள் மேல் மிதக்கும் கொக்கியைச் சட்டத்தின் பின்கோடியில் பொருத்துகிறார்கள். சிலர் பின்னால் இருக்கும் இரண்டு அச்சுகளில் ஒன்றைக் கழற்றிவிடுகிறார்கள். பத்து டயர் ஆறாகும், வண்டி குறுகலான இடத்திலும் திரும்பும்.

கேபினுக்கும் கொக்கிக்கும் நடுவே மிஞ்சும் இடத்தில் மேடை கட்டி, அதன்மேல் 'ஸ்மார்ட்' என்னும் குட்டிக் காரைக் குறுக்காக ஏற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காரின் நீளமும் லாரியின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். போய்ச் சேர்ந்த ஊரில் காய்கறி வாங்க லாரியை எடுத்துக்கொண்டு போக முடியாது அல்லவா?

வயரிங்கிலும் ஒரு சிக்கல் உண்டு. லாரியில் பிரேக் விளக்குக்கு ஒரு கம்பி, இடது, வலது இண்டிகேட்டர்களுக்குத் தனித்தனிக் கம்பி. சக்கர வீட்டிலோ பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே விளக்கு. இடையில் ஒரு மாற்றுக் கருவி வைக்காவிட்டால், பின்னால் வருகிறவருக்கு முன்னால் போகும் வண்டி நிற்கிறதா, திரும்புகிறதா என்றே தெரியாது.

மிக முக்கியமானது பிரேக். லாரியில் இருப்பது ஏர் பிரேக். காற்று அழுத்தம் போய்விட்டால் ஸ்பிரிங் தானாக வந்து சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும். கெட்டுப்போனாலும் நிற்கும் பக்கமாகவே கெட்டுப்போகிற நல்ல அமைப்பு. சக்கர வீட்டில் இருப்பது பெரும்பாலும் எலெக்ட்ரிக் பிரேக். இரண்டும் வேறு வேறு பாஷை பேசும். டிரைவர் பெடலை எவ்வளவு அழுத்துகிறாரோ, அதற்கேற்ற மின்சாரத்தைப் பின்னால் அனுப்பும் கன்ட்ரோலர் நடுவே வேண்டும். அதுவும் போதாது. ஓடும்போது கொக்கி கழன்றுவிட்டால் என்ன ஆகும்? அதற்காக ஒரு மெல்லிய கேபிள் இருக்கிறது. வீடு பிரிந்துபோகும் கணத்தில் அந்தக் கேபிள் ஒரு ஊசியைப் பிடுங்கும். உடனே வீட்டிலிருக்கும் பேட்டரி தன் பிரேக்கைத் தானே போட்டுக்கொள்ளும். அந்த பேட்டரி செத்துக் கிடந்தால் இந்தக் கேபிளால் பயன் இல்லை. அதனால்தான் அனுபவசாலிகள் புறப்படும் முன் ஊசியை ஒருமுறை பிடுங்கிச் சோதித்துப் பார்ப்பார்கள்.

சமவெளியில் இவ்வளவு போதும். மலையில் போதாது. இதை உயிர் போகும் தருவாயில் கற்றுக்கொண்டவர், டீசல் இன்ஜின்களுக்குப் பெயர்பெற்ற கம்மின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ்.

1931-ல் தன் டீசல் லாரியின் பெருமையை நாட்டுக்குக் காட்ட, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸ் வரை கூட்டாளிகளோடு ஓட்டிக்கொண்டு வந்தார் கம்மின்ஸ். கலிபோர்னியாவில் கஹோன் கணவாயிலிருந்து இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது. வேகம் ஏறிக்கொண்டே போகிறது. கீழே ரயில்வே கேட். அங்கே ஒரு சரக்கு ரயில் கடந்துகொண்டிருக்கிறது. கடைசிப் பெட்டி விலகுவதற்கும் லாரி அந்த இடத்தைத் தாண்டுவதற்கும் நூலிழைதான் இடைவெளி.

அந்த பயம் அவரை விடவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அதே யோசனையில் உட்கார்ந்தார். இன்ஜின் காற்றை அழுத்துகிறது. அப்படி அழுத்துவதற்குச் சக்தி செலவாகிறது. டீசல் போகாதபோது, அழுத்திய காற்றைத் திரும்பத் தள்ளவிடாமல் வால்வைத் திறந்து வெளியேற்றிவிட்டால்? இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். சக்கர பிரேக் சூடாகாமல் இருக்கும். 1961-ல் ஜேக்கப்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. 'ஜேக் பிரேக்' என்று லாரிக்காரர்கள் சொல்வது இதைத்தான். இறக்கங்களில் 'தடதட'வென்று கேட்கும் சத்தம் அதனுடையது. சரக்கு லாரியை வீடு இழுக்கத் தேர்ந்தெடுப்பவர்களிடம் காரணம் கேட்டால், இழுக்கும் பலத்துக்கு முன்னால் இதைச் சொல்கிறவர்கள் உண்டு.

கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. மேற்கே இறங்கும் சாலையில் சுமார் 7 சதவீதச் சரிவு, மைல் கணக்கில். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்காக, சாலையோரம் சரளை கொட்டிய மேட்டுப்பாதை அமைத்திருக்கிறார்கள். உச்சியிலேயே கியரைக் குறைத்து, மெதுவாக இறங்கத் தொடங்குவதுதான் மலைப்பாதைக்கான விதி. வேகம் பிடித்த பிறகு யோசித்துப் பயனில்லை. மணிக்கு 70 கிலோமீட்டரில் போகும் வண்டியைவிட, 100-ல் போகும் வண்டியை நிறுத்த இரண்டு மடங்கு சக்தியை பிரேக் விழுங்க வேண்டும்.

வண்டி சரியாகிவிட்டது. இனி மனசு.

அமெரிக்காவின் லாரி நிறுத்தங்களில் 'கேட் ஸ்கேல்' எடை மேடைகள் இருக்கும். லாரியின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லரின் அச்சுகள் என்று தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு தருவார்கள். முதல் சீட்டைப் பார்க்கும் தம்பதிக்குப் பெரும்பாலும் அதிர்ச்சிதான். 'லேசான சாமான்தானே' என்று ஏற்றியவை எல்லாம் அதில் எண்ணாக வந்து நிற்கும். தண்ணீர்த் தொட்டியில் 380 லிட்டர் நிரப்பினால் அதுவே 380 கிலோ. வார்ப்பு இரும்பு தோசைக்கல் போன்ற கனமான சட்டிகள், நாற்பது வருடப் புத்தகங்கள், கணவரின் கருவிகள், மனைவியின் தையல் மெஷின், பிள்ளைகளின் பள்ளிக்கூட ஆல்பங்கள்.

எதை இறக்குவது? இங்கேதான் குடும்பத்தில் சண்டை வரும். 'என் புத்தகம் கனம் என்றால், உன் டிரில் மெஷின் என்னவாம்?' எடை மேடை யாருக்கும் பரிந்து பேசாது. வீட்டை விற்றபோது வராத அழுகை, ஒரு ஆல்பத்தை மகளிடம் கொடுத்து அனுப்பும்போது வரும். வாழ்க்கையில் எது அவசியம் என்ற கேள்விக்கு இவ்வளவு கறாராகக் கிலோவில் பதில் சொல்ல வேண்டிய நிலை வேறு யாருக்கும் வராது.

டயரும் அப்படித்தான், தோற்றத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. சக்கர வீட்டின் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதே அதிகம். வெயிலில் மாதக்கணக்கில் நின்று ரப்பர் வெடிப்பு விடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. நம் ஊர் கார் டயரிலும் அந்த எண் உண்டு. இன்று மாலை குனிந்து பார்க்கலாம்.

இன்னொன்று. இந்த வண்டியைக் கணவர் மட்டும் ஓட்டத் தெரிந்து வைத்திருந்தால், அது பாதி ஏற்பாடுதான். அறுபதைத் தாண்டிய மனிதருக்கு நடுவழியில் நெஞ்சு வலி வந்தால்? வண்டியை ஓரம்கட்ட, கொக்கியைக் கழற்ற, மருத்துவமனை வாசல்வரை ஓட்ட மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். டெக்சாஸ், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் எடை ஒரு வரம்பைத் தாண்டினால், சொந்த உபயோகத்துக்கும் தனி வகுப்பு லைசென்ஸ் வேண்டும். அதை இருவருமே எடுத்துக்கொள்ளும் தம்பதிகள் புத்திசாலிகள்.

கடைசியாக ஒரு நிறுத்தம் இருக்கிறது. அதற்கு எந்த பிரேக்கும் உதவாது. கண் மங்கும், கை நடுங்கும், ஒருநாள் சாவியைக் கொடுத்துவிட வேண்டியிருக்கும். 1978-ல் ஜோ, கே பீட்டர்சன் தம்பதி தொடங்கிய 'எஸ்கேப்பீஸ்' என்ற ஆர்.வி. குடும்பங்களின் சங்கம், இதையும் யோசித்து வைத்திருக்கிறது. டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் அவர்களுக்கு ஓர் இடம் உண்டு. இனி ஓட்ட முடியாதவர்கள் தங்கள் சக்கர வீட்டை அங்கே கொண்டுவந்து நிறுத்தி, அதிலேயே வாழலாம். சாப்பாடு கிடைக்கும். டாக்டரிடம் அழைத்துப் போக ஆள் இருக்கும். சுற்றிலும் அதே சாலைகளில் ஓடிக் களைத்தவர்கள்.

அதே ஊரில் சக்கர வீடுகளை ஒவ்வொரு சக்கரமாக எடை போட்டுத் தரும் வசதியையும் சங்கம் வைத்திருக்கிறது. முதல் பயணத்துக்குத் தயாராகும் தம்பதி எடை போட வந்து நிற்பார்கள். சற்றுத் தள்ளி, எல்லாப் பயணத்தையும் முடித்துவிட்ட ஒருவர் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வந்தவர்கள் சந்தேகம் கேட்டால், சொல்லிக்கொடுக்க அவருக்கு நிறைய இருக்கும்.