பக்கமா, கட்டா?

தில்லியில் ஆய்வேட்டுக்கெனப் பெரிய அட்டவணை ஒன்றை நாள்தோறும் முழுதும் படிக்கவைப்பவன் நான். கெடுவோ நெருங்குகிறது. போஸ்ட்கிரஸில் நால்வர் சேர்ந்து படித்தால் நேரம் கால்பங்காகும் என்றுதானே எண்ணுவோம்? ஆகவில்லை, அன்பர்களே!

2016இல் வந்த 9.6ஆம் பதிப்பு முதல், ஒவ்வொரு வேலையாளும் பொது எண்ணியிடம் ஓடி ஒரே ஒரு பக்கம், 8 கிலோபைட், வாங்கி வந்தான். படித்ததும் மீண்டும் ஓட்டம். பந்தியில் பருக்கை பருக்கையாகச் சோறு வாங்குவது போல! வட்டிலிருந்து அடுத்ததை முன்கூட்டியே எடுத்துவைக்கும் இயக்குதளமும் இந்தத் தாவலில் குழம்பிப்போகும்.

2021இல் 14ஆம் பதிப்பு கட்டுக் கட்டாகக் கொடுக்கலாயிற்று. பெரிய அட்டவணையாயின் கட்டுக்கு 8192 பக்கம் வரை. முடிவு நெருங்க நெருங்கக் கட்டு பாதி பாதியாகச் சிறுக்கும். என்னைக் கவர்ந்தது அதுவே. இல்லையேல் மூவர் கைகட்டி நிற்க, ஒருவன் மட்டும் கடைசிச் சுமையோடு மாரடிப்பான்.

எங்கள் கூடத்தில் இன்னும் பழைய பதிப்புதான். மாற்றக் கோரி மூன்றாம் விண்ணப்பமும் கொடுத்துவிட்டேன்.